சேலத்துச் சூட்டில் செடித்தொட்டிக்கு விளக்கு: முழு வழிகாட்டி

வைகாசியில் தெற்கு ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி நீர்ச்செடி வளர்க்கும் ஒரு இரண்டடி மீன்தொட்டியை வைத்தேன். ஆறு மாதம் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. கார்த்திகை பிறந்ததும் இளநீர்ப் பச்சை, ஒரு வாரத்தில் கீரைக் கடைசல். விளக்கை மாற்றவில்லை, உரத்தைக் கூட்டவில்லை, மீனும் அதே பன்னிரண்டு கப்பிதான். பாதித் தண்ணீரை மாற்றினேன், ஃபில்டரைக் கழுவினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தரையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது: வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து தொட்டியின் மேல் படுத்துக் கிடந்தது.

அதற்கு முன்பு விளக்கைப் பற்றி நான் படித்ததெல்லாம் வாட், லூமன், கெல்வின். என் தொட்டிக்கு இரண்டாவது விளக்கு ஒன்று இலவசமாக எரிகிறது என்பது உறைக்கவே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியைக் கடையிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். விளக்கு வாங்குவது ஐந்தாவது படியில்தான் வரும்.

1. தொட்டி எங்கே உட்காரப் போகிறது

சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக வந்து, அப்புறம் வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் 22 வாக்கில் திரும்பவும் உச்சியைக் கடந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட நான்கு மாதம் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. வெயில் காலத்தில் தொட்டி வைப்பவர்கள் "இங்கே வெயிலே வராது" என்று நம்பிவிடுவது இதனால்தான். டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியனே தரையிலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். காலையிலும் பிற்பகலிலும் இன்னும் தாழ்ந்து, சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து, அறைக்குள் பல அடி தூரம் வந்துவிடும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் வருடம் முழுக்க ஏதோ ஒரு நேரத்தில் வெயில் உண்டு.

ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற கணக்கில் அளப்பார்கள். நேர் வெயிலின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். நாம் தொட்டி அடியில் எதிர்பார்ப்பது இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸ். தினமும் முக்கால் மணி நேரம் வெயில் பட்டாலே நீங்கள் போட்ட கணக்கு அத்தனையும் வீண். வெயிலே படாத உள்சுவர்தான் நல்ல இடம். வேறு வழியே இல்லையென்றால் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள், அல்லது ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். நான் சார்ட் பேப்பர் ஒட்டி, மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி, ஏர் பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன். நான்காம் நாள் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது.

2. தண்ணீர் எவ்வளவு சுடுகிறது

ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைத் தொட்டியில் போட்டு, ஒரு வாரம் காலையிலும் இரவு எட்டு மணிக்கும் பார்த்து எழுதிவையுங்கள். இரவு எட்டு மணி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்று மதியம் இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்தைத் தொட்டாலும், தண்ணீர் அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான் தன் உச்சத்துக்கு வரும். கான்கிரீட் மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஏப்ரல், மே மாதங்களில் 31, 32 டிகிரி சர்வ சாதாரணம்.

விளக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறையவே இருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் வாயு குறைகிறது. செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் குறையும், மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். அதே நேரத்தில் சூட்டில் செடியின் சுவாசம் வேகமாகிறது, அது உயிரோடு இருப்பதற்கே அதிகச் சாப்பாடு தேவைப்படுகிறது.

எங்கள் அம்மாப்பேட்டைப் பக்கத்தில் இன்னும் தறிச் சத்தம் கேட்கும். தறியின் வேகத்தைக் கூட்டினால் தார்க்குச்சியில் நூலும் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் குறுக்கு நூலான ஊடு விட்டுப்போய் துணியில் இடைவெளி விழும். தொட்டியில் விளக்குதான் தறியின் வேகம். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்புச் சத்தும்தான் நூல். விளக்கைப் பிரகாசமாக்கிவிட்டு நூலைத் தராவிட்டால் செடி நின்றுபோகும். மிச்சமிருக்கும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

சேலம் வெயிலில், தனி சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு கொடுக்காத தொட்டிக்குள் தானாகக் கிடைக்கும் நூல் கொஞ்சம்தான். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் பெரும்பாலான செடித்தொட்டிகளுக்குக் குறைந்த வெளிச்சம் அல்லது நடுத்தர வெளிச்சத்தின் கீழ்ப்பகுதி போதும். அதற்கு மேல் போகிறவர்கள் சிலிண்டரோடு, மேமாதச் சூட்டைக் குறைக்கவும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

3. செடியை முடிவு செய்யுங்கள்

செடி தெரியாமல் விளக்கு வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

குறைந்த வெளிச்சத்தில், சூட்டையும் ஓரளவு தாங்கி நிற்கக்கூடியவை: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, வேலம்பாசி என்கிற ஹைட்ரில்லா. இதில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது. கிடைத்தண்டு அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். அனுபியாஸின் இலை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதால் வெளிச்சம் கூடினால் முதலில் பாசி ஏறுவது அதன் மேல்தான். விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் ஓரத்திலோ நிழலிலோ வையுங்கள்.

நடுத்தர வெளிச்சத்துக்கு நம் வாய்க்கால் வரப்பிலேயே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நீர்ப்பிரம்மி தண்ணீருக்குள் நேராகத் தண்டுவிட்டு வளரும். கடைகளில் பகோபா என்று விற்பது பெரும்பாலும் இதுவோ இதன் உறவோதான். ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த மார்சிலியாவை முன்பக்கத் தரைவிரிப்பாகப் போடலாம். தண்ணீருக்குள் போனதும் நாலு இலைக்குப் பதில் ஒற்றை இலையாகக்கூட வரும், பயப்பட வேண்டாம். ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியாவும் இந்தியாவில் இயற்கையாக வளரும் செடிதான். நடுத்தர வெளிச்சத்தில் பச்சையாகவும் வெளிச்சம் கூடக் கூட நுனி சிவந்தும் வளரும்.

படங்களில் பார்த்து மயங்கும் பச்சைக் கம்பளங்களும் அடர்சிவப்புச் செடிகளும் மூன்றாவது வகை. அதிக வெளிச்சம், சிலிண்டர், வாரம் தவறாத கத்தரிப்பு, தினசரி உரம் எல்லாம் கேட்கும். முதல் தொட்டிக்கு வேண்டாம் என்பேன். கேட்க மாட்டீர்கள், நானும் கேட்கவில்லை.

கத்தரித்த துண்டுகளை மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ கொட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுச் செடி ஒரு கணு போதும், ஏரியில் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

4. எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

செடி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் முறைக்குப் பார் (PAR) என்று பெயர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதுதான் கணக்கு. அதை அளப்பது தொட்டியின் அடிமண் மட்டத்தில், ஏனென்றால் குட்டைச் செடிகள் அங்கேதான் இருக்கின்றன. பொதுவாகச் செடித்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: 15 முதல் 30 வரை குறைவு, 30 முதல் 50, 60 வரை நடுத்தரம், 80-ஐத் தாண்டினால் அதிகம். 50-ஐ நெருங்கும்போதே சிலிண்டரைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும்.

லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அருகே உள்ள மஞ்சள் கலந்த பச்சையை. அதனால் லூமனை மட்டும் வைத்துச் செடியின் பசியைச் சொல்ல முடியாது. ஆனாலும் வெள்ளை எல்இடி விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும், அட்டைப்பெட்டியில் கிடைக்கும் எண்ணும் அதுதான். தோராயமாக லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் குறைவு, 20 முதல் 40 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடித் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் முழுக் கொள்ளளவு 54 லிட்டர். குறைந்த வெளிச்சத்துக்கு 540 முதல் 1080 லூமன். இன்றைய எல்இடி வாட்டுக்கு 100 லூமன் அளவில் தருவதால் 6 முதல் 11 வாட் போதும். மூன்றடித் தொட்டி 90, 45, 45 என்றால் 182 லிட்டர், குறைந்த வெளிச்சத்துக்கே 1800 முதல் 3600 லூமன். அந்தத் தொட்டி ஆழமும் கூடுதல் என்பதால் இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போதுமான விளக்கு 45-க்குப் போதாமல் போவதற்குத் தண்ணீர் ஒளியைக் குடித்துவிடுவது முக்கியக் காரணம் இல்லை. ஒளி பக்கவாட்டில் விரிந்து மெலிந்துவிடுகிறது. தண்ணீர் கலங்கியிருந்தால்தான் குடிக்கும்.

பழைய புத்தகக் கணக்கான "கேலனுக்கு இத்தனை வாட்" குழல்விளக்குக் காலத்தது. எல்இடிக்கு அதைப் போட்டால் தேவைக்கு மேல் இரண்டு பங்கு வெளிச்சம் வாங்கிவிடுவீர்கள்.

5. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

இனி கடைக்குப் போகலாம். நான் முதன்முதலில் போனபோது கடைக்காரர் ஒரு விளக்கைக் காட்டி, "தம்பி, இதப் போட்டா செடி பிச்சிக்கிட்டு வளரும்" என்றார். பிய்த்துக்கொண்டு வளர்ந்தது உண்மைதான், ஆனால் வளர்ந்தது நூல்பாசி. அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்று நினைக்கிறேன். என்ன செடி, எவ்வளவு ஆழம், வாயு உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கெல்வின் என்பது ஒளியின் நிறம். 3000 மஞ்சள், 6500 பகல் வெள்ளை, 10000-க்கு மேல் நீலம் கலந்த வெள்ளை. 6500 எடுங்கள். இதில்தான் செடி வளரும் என்பதற்காகச் சொல்லவில்லை. 4000-த்திலும் 8000-த்திலும் செடி வளரும். 6500-ல் பச்சை பச்சையாகத் தெரியும், சாதாரண மின்கடையிலும் கிடைக்கும் என்பதுதான் காரணம். கடலுயிர்த் தொட்டிக்காகச் செய்த அடர்நீல விளக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சிஆர்ஐ என்பது நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு. 80 போதும், 90 என்றால் மீனின் சிவப்பு எடுப்பாக இருக்கும். செடிக்கு இதில் பெரிய அக்கறை கிடையாது.

ஊதா நிற விளக்குகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பச்சையம் அதிகம் உறிஞ்சுவது நீலத்தையும் சிவப்பையும் என்பது சரிதான், அதனால் அந்த விளக்கில் செடி வளரும். ஆனால் வரவேற்பறையில் அதைப் போட்டால் வீடு திருவிழா ராட்டினம் மாதிரி இருக்கும், செடி வாடியிருக்கிறதா என்பதும் தெரியாது. வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகச் சேர்ந்த விளக்குகள் வேறு ரகம். அவை அழகு, சிவப்புச் செடிகளைத் தூக்கிக் காட்டும், விலையும் ஆயிரங்களில் போகும்.

வாட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். "60 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பின்பக்க ஸ்டிக்கரில் உண்மையில் இழுக்கும் மின்சாரம் 18 வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் அது 18 வாட்டுக்கு மேல் தர முடியாது. கையில் எடுத்தும் பாருங்கள். சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய உடல் இருந்தால் கனக்கும். இறகு மாதிரி லேசாக இருக்கும் பிளாஸ்டிக் விளக்கு நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் மங்கும்.

6. எந்த வகை வாங்கலாம்

செலவு குறைய வேண்டும், செடி குறைந்த வெளிச்ச ரகம் என்றால் வீட்டுக்குப் போடும் எல்இடி பேட்டனே போதும். இரண்டடி நீளம், 10 வாட், 6500 கெல்வின், ஏறக்குறைய 1000 லூமன். மேலே போட்ட இரண்டடித் தொட்டிக் கணக்குக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. சில நூறு ரூபாய்தான். இன்றும் என் அனுபியாஸ் தொட்டியின் மேல் இருப்பது இதுதான். ஆனால் இது தண்ணீர்த் தெறிப்புக்குச் செய்தது இல்லை, கண்ணாடி மூடிக்கு மேலேதான் வைக்க வேண்டும்.

நடுத்தரம் என்றால் தொட்டி நீளத்துக்கே வரும், கால் வைத்து விளிம்பில் நிற்கும் பட்டை விளக்கு. இதில் ஒரே ஒரு நிபந்தனை: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்க வேண்டும். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலான விளக்கை வாங்கி 50 சதவீதத்தில் ஓட்டுவதே உத்தமம். சூடு குறையும், ஆயுள் கூடும், பிறகு செடி கேட்டால் கூட்டவும் முடியும். டிம்மர் இல்லாத விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கொசுவலைத் துணியை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பாகக் கண்ணாடி மூடியின் மேல் விரியுங்கள். அல்லது விளக்கைத் தொங்கவிட்டு உயர்த்துங்கள். மிதக்கும் ஆகாயத்தாமரைக் குட்டிகளையும் கொஞ்சம் விடலாம், நிழலும் தரும், நைட்ரேட்டையும் இழுக்கும், ஆனால் வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் கூரையாகிவிடும்.

ஒரு அடி, முக்கால் அடித் தொட்டிகளுக்கு கிளிப் விளக்கு சரி. வெளிப்புற ஃப்ளட் லைட்டை ஒரு நண்பர் பரிந்துரைக்க நானும் மாட்டினேன். ஒரே புள்ளியிலிருந்து கொட்டும் ஒளி நடுவில் கொளுத்தும், மூலைகளில் இருட்டு. தரையில் ஆடும் ஒளிநிழல் அழகாக இருக்கும் என்பதற்காக வேண்டுமானால் வைக்கலாம்.

7. போனை வைத்து ஒரு சோதனை

பார் மீட்டர் விலை அதிகம், ஒரு தொட்டிக்காக வாங்குவது வீண். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன், காலித் தொட்டியின் அடியில், மண் வரப்போகும் மட்டத்தில் போனைத் திரை மேலே பார்க்க வையுங்கள். ஒளியை உணரும் துளை பெரும்பாலும் மேலே, ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு நடுவில் ஒன்று, நான்கு மூலையில் நான்கு என ஐந்து அளவு எடுங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்இடிக்கு, வரும் லக்ஸை 65 முதல் 70-க்குள் ஓர் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய பார் கிடைக்கும். 2000 லக்ஸ் என்றால் 30, 3500 என்றால் 50.

போனுக்குப் போன் மாறும், தண்ணீர் நிரம்பிய பிறகும் மாறும். ஆனாலும் நடுவில் 4000, மூலையில் 900 என்று வந்தால் எந்தச் செடியை எங்கே நடுவது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. கண்ணை நம்பி இதைச் செய்ய முடியாது, கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

8. மாட்டும்போது

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விளக்கின் வயர் பிளக்குக்கு நேராக இறங்கக் கூடாது. பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி, வளைந்து, மேலேறிப் போய்ச் சேர வேண்டும். வயரில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடாதீர்கள், சுவரில் அடியுங்கள். வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் விளக்குக்கு முன்பு அதை வாங்குங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். தண்ணீருக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. கண்ணாடி மூடியின் அடியில் தெறித்துக் காய்ந்து, இரண்டு மாதத்தில் வெள்ளைப் படலம் கட்டும். விளக்கு பழசாகிவிட்டது என்று நான் புதிது வாங்கப் போன நாளில்தான் மூடியைக் கழுவினேன். போனில் அளந்தால் லக்ஸ் கணிசமாக ஏறியது. எலுமிச்சை மூடியாலோ வினிகராலோ தேய்த்து நன்றாக அலசி வையுங்கள், மாதம் ஒருமுறை.

வெயில் காலத்தில் மூடியை எடுத்துவிட்டுச் சிறிய ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்து ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். நம் ஊர்க் காற்று வறண்டது, நன்றாக ஆவியாகும். குறையும் தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். அப்போது மூடி மேல் வைத்த பேட்டன் செல்லாது, தொங்கும் விளக்கோ தெறிப்பைத் தாங்கும் ஐபி 65 விளக்கோ வேண்டும். மூடி போட்ட டப்பாவுக்குள் விளக்கை அடைத்து வைப்பது எனக்குப் பிடிக்காது, சூடு தண்ணீருக்கே திரும்பும்.

9. எத்தனை மணி நேரம், எப்போது

புதுத் தொட்டிக்கு முதல் மூன்று வாரம் ஆறு மணி நேரம். செடி வேர் பிடித்துப் புது இலை விட்ட பிறகு, வாரத்துக்கு அரை மணியாகக் கூட்டி ஏழு, எட்டில் நிறுத்துங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் பாசிக்குத்தான் விருந்து.

வேலைக்குப் போகிறவர்கள் மதியம் மூன்றிலிருந்து இரவு பத்து வரை வைக்கலாம். தொட்டியைப் பார்க்க நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் பார்க்க ஆசை என்றால் இடையில் நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாகப் பிரியுங்கள். சிலிண்டர் இல்லாத தொட்டியில் அந்த இடைவேளையில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் மீண்டு வரும் என்பதால் இது பலருக்கும் ஒத்துவருகிறது. சிலிண்டர் உள்ளவர்கள் விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயுவைத் திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன்பு மூட வேண்டும். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் எந்த அளவுகோலையும் பார்க்காமல் வாயுவைக் குறைத்து ஏர் பம்ப்பைப் போடுங்கள். 31 டிகிரியில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு.

டைமர் கட்டாயம். கையால் போடுகிறேன் என்று சொன்ன எவரும் ஒரு மாதம் தாண்டியதில்லை. வட்டத் தட்டு சுற்றும் மெக்கானிக்கல் டைமர் மலிவு, ஆனால் மின்சாரம் போனால் தட்டும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை வரும் நாளுக்கு அடுத்த நாளிலிருந்து உங்கள் தொட்டிக்கு நள்ளிரவில் விடியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் இந்தத் தொல்லை தராது. இன்வெர்ட்டரில் விளக்கைச் சேர்க்க வேண்டாம். அதில் ஏர் பம்ப்பையும் ஃபில்டரையும் கொடுங்கள். வெளிச்சம் இல்லாமல் செடி இரண்டு, மூன்று நாள் தாங்கும், காற்று இல்லாமல் மீன் தாங்காது.

செலவு பற்றிக் கேட்கும் வீட்டம்மாவுக்கு: 30 வாட் விளக்கு தினம் ஏழு மணி நேரம் எரிந்தால் 0.21 யூனிட், இரண்டு மாத பில்லில் 12.6 யூனிட்.

10. முதல் ஆறு வாரம் செடி என்ன சொல்கிறது

முதல் மாதம் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூசி படியும். அது டயாட்டம் என்கிற நுண்பாசி, புதுத் தொட்டிக்கு இயல்பு, விளக்கைத் தொடாதீர்கள். துடைத்தால் போகும், நாளடைவில் தானே நிற்கும். அதே மாதத்தில் கிரிப்டோகோரைன் இலை முழுக்கக் கரைந்து விழலாம். இடம் மாறிய அதிர்ச்சி. வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் துளிர்க்கும்.

வெளிச்சம் போதாதபோது தண்டுச் செடிகள் கணுவுக்குக் கணு நீண்டு, மெலிந்து, கீழ் இலைகளை உதிர்க்கும். தரையில் படர வேண்டியது மேல்நோக்கி எழும்பும். அதிகமானால் கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள், இலை விளிம்பில் பச்சை நூல்கள். இலையில் ஊசிக்குத்து ஓட்டை விழுந்தால் பொட்டாசியத்தைப் பாருங்கள், புதுத்தளிர் வெளுத்தால் இரும்புச் சத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் விளக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். கறுப்புத் தாடிப்பாசியும் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்குவதாலும் அழுக்கு சேர்வதாலும் வருவது.

மாற்றம் செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் காத்திருங்கள். பாசி கண்டால் நான் முதலில் டிம்மரை 15, 20 சதவீதம் இறக்குவேன், அதற்கும் கேட்காவிட்டால் ஒரு மணி நேரம் குறைப்பேன். விளக்கு, உரம், தண்ணீர் மாற்றும் நாள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்பது கடைசி வரை தெரியாது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

எங்கள் சித்தி வீடு ஏற்காட்டில். என் தொட்டியில் கத்தரித்த ரோட்டாலாவை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுபோய் அங்கே நட்டேன். என்னிடம் வாரம் இரண்டங்குலம் வளர்ந்தது அங்கே முக்கால் அங்குலம் வளர்ந்தது. ஆனால் இலை நெருக்கமாக, நுனி சிவப்பாக இருந்தது. சித்தி வந்தவர்களிடமெல்லாம் என்னுடையதைவிட அவருடையது அழகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், மறுக்க முடியவில்லை.

மலையில் தண்ணீர் 20 முதல் 24 டிகிரி. செடியின் வேலையெல்லாம் மெதுவாக நடக்கும், ஆகவே சேலத்தில் ஓட்டும் அதே விளக்கு அளவை அங்கே மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள், கூட்ட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும் என்று நினைத்து மீனை நெருக்கி விடுபவர்கள் உண்டு. 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால் ஏற்காட்டின் 22 டிகிரித் தண்ணீரும் சேலத்தின் 31 டிகிரித் தண்ணீரும் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றுதான், லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேல்.

மார்கழி, தை இரவுகளில் அங்கே வெப்ப மீன்களுக்கு ஹீட்டர் வேண்டும். மூடுபனி நாட்களில் கண்ணாடி மூடியின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், பேட்டன் வைப்பவர்கள் மூடிக்கும் விளக்குக்கும் இடையே இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். இடி மின்னல் அதிகம், மின்னழுத்தமும் ஏறி இறங்கும். விளக்கைவிட, அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்தான் முதலில் போகும். அதனால் மலையில் டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய விளக்காகப் பார்த்து வாங்குங்கள். சித்தியின் முதல் விளக்கு ஐப்பசி மழையில் ஒரே இடியில் போனது. டிரைவர் உள்ளேயே அடைத்து ஒட்டியிருந்ததால் முழு விளக்கையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. இப்போது இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார், ரோட்டாலா அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொள்கிறது.